போன் திரையில் பச்சைக் கோடு: இந்த ஓலெட்டை உண்மையில் கண்டுபிடித்தது யார்?

கருவிழி77
ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து போனை எடுத்தால், திரையின் இடது பக்கம் மேலிருந்து கீழ் வரை நூல் பிடித்த மாதிரி ஒரு பச்சைக் கோடு. போன் கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, இரவு சார்ஜில் போட்டது அவ்வளவுதான். கடைக்கு எடுத்துப் போனால், "இது சாதா எல்.சி.டி. இல்லை சார், அமோலெட்" என்று சொல்லி ஒரு விலை சொன்னார். போன் வாங்கிய விலையில் பாதி. சரி, அந்தக் கவலை இருக்கட்டும். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் மகளிடம் இதைச் சொன்னபோது, "எல்.இ.டி.க்கு ஜப்பான்காரர்கள் மூன்று பேருக்கு நோபல் கொடுத்தார்களே, அவர்கள் கண்டுபிடித்ததுதானே இது" என்றாள். நானும் பெரிய மனுஷன் மாதிரி ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது. அது வேறு, இது வேறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மகளிடம் திருத்திச் சொல்ல வேண்டும்.

ஆக்சீன்_தாத்தா
வேறு வேறுதான். உங்கள் மகள் சொல்வது 2014 இயற்பியல் நோபல். அகசாகி, அமானோ, நாகமுரா. காலியம் நைட்ரைடு என்ற கனிமப் படிகத்தில் நீல ஒளி வரவைத்ததற்கு. வீட்டு எல்.இ.டி. டியூப்லைட், டார்ச், டி.வி.யின் பின்விளக்கு எல்லாம் அந்த வகை. உங்கள் போன் திரையில் இருப்பது ஓலெட், அதாவது கரிமச் சேர்மத்தில் ஒளி தரும் எல்.இ.டி.; கடைக்காரர் சொன்ன அமோலெட் அதில் ஒரு வகை. கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் உள்ள, சாயப் பொடி மாதிரியான பொருள். ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, பின்னால் விளக்கே கிடையாது.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துவிடுகிறேன், யாராவது வந்து சொல்வதற்குள். 2000-ம் ஆண்டு வேதியியல் நோபல் ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவருக்கும் கொடுத்தது மின்சாரம் கடத்தும் பாலிமருக்கு. அதுவும் இது இல்லை.

இந்தத் திரைக்கு அப்பன் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் சிங் டாங். ஹாங்காங்கில் யுவென் லாங் பகுதியில் 1947-ல் பிறந்தவர். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம், அமெரிக்காவில் கார்னெலில் 1975-ல் முனைவர் பட்டம், அதே ஆண்டு ரோச்செஸ்டர் நகரத்தில் கோடாக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. ஆமாம், பிலிம் ரோல் கோடாக்தான். அங்கே அவரும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் சேர்ந்து 1987-ல் வெளியிட்ட மூன்று பக்கக் கட்டுரைதான் உங்கள் பாக்கெட்டில் இருப்பதன் பிறப்புச் சான்றிதழ். மின்கலம் போடுகிற அளவு வோல்ட்டில், பத்துக்கும் குறைவாக, பட்டப்பகலில் தெரிகிற அளவு பச்சை வெளிச்சம்.

டிஸ்ப்ளே_பழுது
அண்ணே, பச்சைக் கோட்டுக்குக் கண்டுபிடித்தவர் மேல் பழி போடாதீர்கள். நாங்கள் கடையில் தினம் பார்க்கிறோம். பெரும்பாலும் அந்த வெளிச்சம் தரும் பொருள் கெட்டுப் போவதால் கோடு வருவதில்லை. பேனலின் ஓரத்தில் மெல்லிய பட்டை கேபிள் ஒட்டியிருக்கும், அந்த ஒட்டில் ஒரே ஒரு தடம் விட்டுப்போனால் அந்த வரிசை முழுக்கக் கட்டுப்பாடில்லாமல் எரியும். சூடு ஏறி இறங்கி ஏறி இறங்கி விரிசல் விடும்.

பொருள் கெட்டால் அது வேறு மாதிரி. கீபோர்டு இருந்த இடத்தில் நிழல் விழும், மேலே மணி காட்டும் இடத்தில் கறை மாதிரி நிற்கும். வெள்ளைத் திரை போட்டால் மஞ்சளடித்துத் தெரியும். அதுதான் தேய்மானம். உங்களுடையது அது இல்லை.

கருவிழி77
அப்பாடா. விலை குறையுமா?

டிஸ்ப்ளே_பழுது
குறையாது அண்ணே. பேனல் மாற்றத்தான் வேண்டும்.

வாதம்_செய்வோம்
ஆக்சீன் ஐயா, "அப்பன்" என்றெல்லாம் பெரிய வார்த்தை போடாதீர்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப் குழு 1963-லேயே ஆந்த்ரசீன் என்ற கரிமச் சேர்மத்தின் படிகத்தில் மின்சாரம் பாய்ச்சி ஒளி வரவைத்தாகிவிட்டது. 1965-ல் ஹெல்ஃப்ரிச், ஷ்னைடர் இருவரும் இரண்டு பக்கமிருந்தும் மின்னேற்றம் செலுத்தி இன்னும் நன்றாகக் காட்டினார்கள். டாங் வந்தது இருபது வருடம் கழித்து. கம்பெனிக்கு விளம்பரத் துறை இருந்ததால் பெயர் அவருக்குப் போய்விட்டது என்பது என் கருத்து. கடைசியாக ஓடியவனுக்கு மாலை போடுகிற வேலை.

ஆக்சீன்_தாத்தா
போப்பை நான் மறுக்கவே இல்லை. ஆந்த்ரசீன் ஒளிர்ந்தது, உண்மை. ஆனால் எத்தனை வோல்ட்டில்? சுமார் 400. அதற்கு ஒரு படிகத்தை வளர்த்து, சீவி, ஒட்டி, அதன் தலையில் 400 வோல்ட்டை வைக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு கைக்கடிகாரம் கூடச் செய்ய முடியாது. பிறகு படிகத்தை விட்டுவிட்டு மெல்லிய படலமாகப் பூசிப் பார்த்தார்கள், 1982 வாக்கில் 30 வோல்ட் வரை இறங்கியது. ஆனால் வெளிச்சம் சொற்பம், ஆந்த்ரசீன் படலம் சும்மா இருக்காது, தானாகவே குருணை குருணையாகப் படிகமாகி ஓட்டை விழும்.

டாங் செய்தது என்ன என்பதை அவருடைய பாதையிலிருந்து பார்த்தால்தான் புரியும். அவர் விளக்கு செய்யக் கிளம்பிய ஆளே இல்லை. கார்னெலில் அவர் பார்த்தது பச்சையம். இலையில் இருக்கிற அதே குளோரோஃபில். அதை இரண்டு உலோகங்களுக்கு நடுவே வைத்து வெளிச்சம் காட்டினால் மின்சாரம் வருமா என்ற ஆராய்ச்சி. வந்தது, மிக மிகச் சொற்பமாக. எழுபதுகளில் எண்ணெய் நெருக்கடி, எல்லாக் கம்பெனிக்கும் சூரிய மின்சாரத்தின் மேல் ஆசை, கோடாக்குக்கும்தான். டாங் அங்கே சேர்ந்து கரிமச் சேர்மத்தில் சோலார் செல் செய்ய உட்கார்ந்தார்.

அங்கேதான் அந்தச் சூட்சுமம் பிடிபட்டது. ஒற்றைப் படலத்தில் வெளிச்சம் பட்டால் எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமும் (நாங்கள் வகுப்பில் "துளை" என்று சொல்லிக் கொடுப்போம்) ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடாது. சிலிக்கானில் எளிதாகப் பிரியும், கரிமச் சேர்மத்தில் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. பிரிக்க ஒரு எல்லைக்கோடு வேண்டும். எலக்ட்ரானை விரும்பும் ஒரு பொருள், அதை விட்டுக்கொடுக்கும் இன்னொரு பொருள், இரண்டையும் முதுகோடு முதுகாக ஒட்டினால் அந்த எல்லையில் பிரிந்துவிடும். ஒரு பக்கம் காப்பர் தாலோசயனின், நம் ஊரில் நீலப் பெயின்ட்டுக்குப் போடும் அதே நிறமி. மறுபக்கம் பெரிலீன் வகைச் சேர்மம், அதுவும் நிறமிதான். கிட்டத்தட்ட 1 சதவீதத் திறன் கிடைத்தது. சிரிக்காதீர்கள், கரிமச் செல்லில் அதற்கு முன் கிடைத்ததோடு ஒப்பிட்டால் அது பெரிய தாவல்.

இப்போது அதைத் திருப்பிப் போடுங்கள். எல்லைக்கோட்டில் பிரிகிற ஜோடியை அதே மாதிரி எல்லைக்கோட்டில் சேர வைத்தால்? ஒரு பக்கமிருந்து எலக்ட்ரான், மறு பக்கமிருந்து துளை, நடுவில் சந்திப்பு, சந்தித்தால் வெளிச்சம். முன்னால் எல்லாரும் ஒரே பொருளை இரண்டு வேலையும் செய்யச் சொன்னார்கள். இவர் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். உலோகத்துக்குப் பக்கத்தில் சந்தித்தால் உலோகம் அந்த ஆற்றலை விழுங்கிவிடும், சந்திப்பு உள்ளே தள்ளி நடப்பதால் அந்த நஷ்டமும் இல்லை. சூட்சுமம் அந்த இரண்டு அடுக்குதான். போப்பிடம் அது இல்லை.

வாதம்_செய்வோம்
சரி, அடுக்கு யோசனையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "திருப்பிப் போட்டார்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது, கதை மாதிரி. நிஜத்தில் 1986-ல் சோலார் கட்டுரை, 1987-ல் விளக்குக் கட்டுரை. ஒரே வருடத்தில் திருப்பிப் போட்டாரா?

ஆக்சீன்_தாத்தா
நல்ல கேள்வி, இங்கேதான் கம்பெனி ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆராய்ச்சிக்கும் உள்ள வித்தியாசம். கட்டுரைத் தேதியைப் பார்க்காதீர்கள், காப்புரிமைத் தேதியைப் பாருங்கள். சோலார் செல்லுக்கு அமெரிக்கக் காப்புரிமை 1979-லேயே கிடைத்துவிட்டது. கரிம விளக்குக்கான காப்புரிமை விண்ணப்பம் 1980, வழங்கியது 1982. உலகம் படித்தது 1986, 1987-ல். ஏழெட்டு வருடம் வாயைத் திறக்காமல் ஒரு மனிதன் வேலை செய்திருக்கிறார். பல்கலைக்கழகத்தில் இருந்தால் அதற்குள் பத்துக் கட்டுரை போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை போயிருக்கும்.

இரவுப்பணி_வாசகி
இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போவேன், இன்றுதான் எழுதுகிறேன். நான் இதே துறையில் பிஎச்.டி. செய்கிறேன், எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். தாத்தா ஐயா சொன்ன அந்த 1987 சாதனத்தை எங்கள் ஆய்வகத்தில் சேரும் எல்லாரும் முதல் வேலையாகச் செய்ய வேண்டும். சமையலில் முதலில் ரசம் வைக்கச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. அதனால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

தீப்பெட்டி அளவு கண்ணாடித் துண்டு. அதன் மேல் ஐ.டி.ஓ. பூச்சு, இண்டியம் தகர ஆக்சைடு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மின்சாரம் கடத்தும். சோப்பு, அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என்று மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். ஒரு தூசி இருந்தால் போச்சு, அந்த இடத்தில் மேல் உலோகமும் கீழ் ஐ.டி.ஓ.வும் தொட்டுக்கொண்டு ஷார்ட் ஆகும். ஏனென்றால் நடுவில் இருக்கும் இரண்டு அடுக்கும் சேர்ந்தே 135 நானோமீட்டர்தான். அசல் கட்டுரைக் கணக்கு அது: டையமைன் 75, அதன் மேல் ஏ.எல்.கியூ. 60. தலைமுடித் தடிமனில் பல நூறில் ஒரு பங்கு.

பூசுவதென்றால் பிரஷ்ஷால் இல்லை. வெற்றிட அறைக்குள் கீழே ஒரு சின்ன உலோகத் தொட்டியில் பொடியைப் போட்டுச் சூடேற்றினால் அது ஆவியாகி மேலே கவிழ்த்து வைத்த கண்ணாடியில் படியும். விநாடிக்கு 1 ஆங்ஸ்ட்ராம் வேகம். 60 நானோமீட்டர் என்றால் 600 ஆங்ஸ்ட்ராம், பத்து நிமிடம் கண் எடுக்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு கைப்பிடியைத் திருக வேண்டும். கொஞ்சம் சூடு கூடினால் பொடி துள்ளித் தெறிக்கும்.

கடைசியில் மெக்னீசியமும் வெள்ளியும் பத்துக்கு ஒன்று. எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் வேண்டும் என்பதற்காக மெக்னீசியம். தனி மெக்னீசியம் கரிமப் படலத்தில் சரியாக ஒட்டாது, காற்றுப் பட்டால் கருக்கும், அதனால் கொஞ்சம் வெள்ளி. இந்தப் பத்துக்கு ஒன்று விகிதம் டாங் கட்டுரையிலேயே இருக்கிறது. எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். பெரிய தத்துவம் இல்லை, ஒட்டவில்லை, ஒட்ட வைத்தார்கள், அவ்வளவுதான்.

நான் செய்த முதல் சாதனம் எரியவில்லை. இரண்டாவது எரியவில்லை. மூன்றாவதுக்குப் பாதியில் கரண்ட் போய் பம்ப் நின்றது, ஜெனரேட்டர் வரும் என்று சொன்னார்கள், வரவில்லை. ஆறாவது எரிந்தது. லைட்டை அணைத்துவிட்டு 3 வோல்ட், 4 வோல்ட் என்று ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் அரிசி அளவு சதுரம் பச்சையாகத் தெரிந்தது. சீனியர் அண்ணா எட்டிப் பார்த்து, "ம், சரி, கழற்று, அடுத்தவங்க வரிசையில நிக்கிறாங்க" என்றார்.

டிஸ்ப்ளே_பழுது
தங்கச்சி, அந்த டையமைன், ஏ.எல்.கியூ. என்பதெல்லாம் என்ன? எங்கே கிடைக்கும்? கோடாக்கே புதிதாகச் செய்ததா?

இரவுப்பணி_வாசகி
டையமைன் ஜெராக்ஸ் மெஷின் வம்சம், அண்ணா. நகல் எடுக்கும் மெஷின் டிரம்மில் வெளிச்சம் பட்டால் மின்னேற்றத்தை நகர்த்தும் கரிமப் பூச்சு இருக்கும். கோடாக் அப்போது நகல் மெஷினும் செய்துகொண்டிருந்தது. துளையை நன்றாகக் கடத்தும் அந்த அமைன்கள் அங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. ஏ.எல்.கியூ. பற்றித் தாத்தா ஐயாதான் சொல்ல வேண்டும், அவர் பெயரிலேயே இருக்கிறதே.

ஆக்சீன்_தாத்தா
கண்டுபிடித்துவிட்டாயா அம்மா. ஆமாம், அதனால்தான் அந்தப் பெயர்.

கல்லூரியில் வேதியியல் படித்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் கிராவிமெட்ரி செய்முறை ஞாபகம் இருக்கும். கரைசலில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று வீழ்படிவாக்கி, வடிகட்டி, உலர்த்தி, நிறுத்துக் கண்டுபிடிப்பது. அதில் ஆக்சீன் என்று ஒரு கரணி. முழுப் பெயர் 8-ஹைட்ராக்சிகுவினோலின். சில கல்லூரிகளில் மெக்னீசியம் கொடுப்பார்கள், சில இடங்களில் அலுமினியம். அலுமினியக் கரைசலில் ஆக்சீனை ஊற்றி அசிட்டேட் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி கீழே இறங்கும். கண்ணாடி வடிகட்டி மூசையில் வடித்து, 130 டிகிரிக்கு மேல் அடுப்பில் உலர்த்தி, ஆறவிட்டு நிறுக்க வேண்டும். இந்தப் பொடியில் 459 கிராமுக்கு 27 கிராம்தான் அலுமினியம், மீதியெல்லாம் ஆக்சீன். அதனால் துளி அலுமினியம் இருந்தாலும் தராசில் கனமாகக் காட்டும், பிழை குறையும். அதற்காகத்தான் அந்தச் சோதனையே.

அந்தப் பொடிதான் ஏ.எல்.கியூ. டாங்கும் வான் ஸ்லைக்கும் ஒளி வரவைத்த பொருள் அதுதான். முப்பது வருடம் செய்முறை வகுப்பு எடுத்தேன். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் நிறுத்து முடித்ததும் மூசையைக் கழுவி அந்தப் பொடியைச் சிங்க்கில் ஊற்றுவார்கள், நானும் "சீக்கிரம் கழுவு, அடுத்த பேட்ச் வருகிறது" என்று கத்துவேன். அது புற ஊதா வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒருவருக்கும், எனக்கும்தான், இதில் மின்சாரம் பாய்ச்சினால் என்ன என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வெற்றிட அறை எங்கே இருந்தது என்பது வேறு விஷயம்.

வாதம்_செய்வோம்
இதைப் படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் இறங்கி வரத் தோன்றுகிறது, ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி. கோடாக் இதில் என்ன சம்பாதித்தது? 1975-ல் டாங் சேர்ந்த அதே வருடம், அதே ஊரில், அதே கம்பெனியில் ஸ்டீவ் சாஸன் உலகின் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். அதையும் விட்டார்கள், இதையும் விட்டார்கள். 2009 டிசம்பரில் ஓலெட் பிரிவை எல்.ஜி.க்கு விற்றார்கள். 2012 ஜனவரியில் திவால் மனு. இவ்வளவு பெரிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைவிட்ட கம்பெனியை என்ன சொல்வது?

ஆக்சீன்_தாத்தா
கோட்டைவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. காலக் கணக்கைப் பாருங்கள். அந்தக் காலத்து அமெரிக்கக் காப்புரிமை ஏறத்தாழ 17 முதல் 20 வருடம். 1982-ல் கிடைத்த அடிப்படைக் காப்புரிமை 2000 வாக்கிலேயே தீர்ந்துவிடும். கையில் அடங்கும் போனில் அமோலெட் பரவலாக வந்தது 2010-ஐ ஒட்டி. கதிர் முற்றும்போது குத்தகை முடிந்துவிட்டது. அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை, 2003-ல் ஈசிஷேர் எல்.எஸ்.633 என்று ஒரு கேமராவில் பின்பக்கத் திரையாக அமோலெட் போட்டு விற்றார்கள், டிஜிட்டல் கேமராவில் அதுதான் முதல். சான்யோவோடு கூட்டு வைத்துத் தொழிற்சாலையும் முயன்றார்கள்.

பொருள் கண்டுபிடித்ததற்கும் கடைக்கு வந்ததற்கும் நடுவில் இருபது வருடம் ஏன் ஆனது என்பதைத்தான் கேட்க வேண்டும். அதில்தான் டாங்கின் நிஜமான உழைப்பு இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் பேசுவதில்லை.

இரவுப்பணி_வாசகி
ஆயுள், ஐயா. அதுதான் விஷயம். எல்லாரும் 1987-ஐ மட்டும் பேசுவார்கள், எனக்கு 1996 கட்டுரைதான் முக்கியம். முதல் சாதனங்கள் எரிந்தன, ஆனால் சீக்கிரமே மங்கின. மங்குவதற்குப் பல காரணம், ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டினார்கள்.

1989-ல் ஏ.எல்.கியூ.வுக்குள் சாயத்தை ஒரு சதவீதம் போலக் கலந்தார்கள். பாயசத்தில் ஏலக்காய் மாதிரி, அளவு துளிதான், ஆனால் வாசம் அதனுடையது. ஏ.எல்.கியூ. ஆற்றலைப் பிடித்துச் சாயத்திடம் கொடுத்துவிடும், சாயம் தன் நிறத்தில் ஒளிரும். நிறத்தை மாற்றலாம், திறன் இரட்டிப்பாகும். அதிகம் போட்டால் சாயமே ஒன்றையொன்று அணைத்துவிடும். இன்றைக்கு உங்கள் போனில் இருக்கும் ஒளிரும் அடுக்கு ஒவ்வொன்றும் இந்தப் "புரவலன், விருந்தாளி" முறைதான்.

1996-ல் வான் ஸ்லைக், சென், டாங் மூவரும் பழைய டையமைனை மாற்றி என்.பி.பி. என்ற சூடு தாங்கும் அமைனைப் போட்டு, அதற்கும் ஐ.டி.ஓ.வுக்கும் நடுவே காப்பர் தாலோசயனின் அடுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். கவனித்தீர்களா, அவருடைய பழைய சோலார் செல் நீல நிறமி மறுபடியும் வந்துவிட்டது. அந்தச் சாதனம் சதுர மீட்டருக்கு 510 கேண்டலா வெளிச்சத்தில் தொடங்கிப் பாதியாகக் குறைய ஏறத்தாழ 4000 மணி நேரம் ஆனது. அடுத்த வருடம் பயனியர் கம்பெனி கார் ஸ்டீரியோவில் பச்சைத் திரை போட்டு விற்றது. முதன்முதலில் கடைக்கு வந்த ஓலெட் அதுதான். அதே 1997-ல் ஹங், டாங், மேசன் மூவரும் மெக்னீசியம் வெள்ளிக்குப் பதில் அலுமினியத்துக்கு அடியில் லித்தியம் ஃபுளோரைடை ஓரிரு அணு அடுக்கு மாதிரித் தடவினால் போதும் என்று காட்டினார்கள். நாங்கள் இப்போதும் அதைத்தான் போடுகிறோம்.

டிஸ்ப்ளே_பழுது
தங்கச்சி, நீலம்தான் முதலில் தேய்கிறது என்று எங்கள் அனுபவம். மஞ்சளடிப்பதே அதனால்தானே?

இரவுப்பணி_வாசகி
ஆமாம் அண்ணா. நீலத்துக்கு ஆற்றல் அதிகம் தேவை, அந்த ஆற்றலே மூலக்கூறின் பிணைப்பை உடைத்துவிடும். இதில் டாங் முறைக்கு ஒரு பிறவிக் குறையும் உண்டு. எலக்ட்ரானும் துளையும் சேரும்போது நாலில் ஒரு ஜோடிதான் ஒளிரும் வகை, மூன்று வெறும் சூடாகப் போகும். போதாக்குறைக்கு வந்த வெளிச்சத்திலும் ஐந்தில் ஒரு பங்குதான் கண்ணாடியைத் தாண்டி வெளியே வரும். கால் பங்கில் ஐந்தில் ஒன்று, 5 சதவீதம்தான் உச்சவரம்பு. டாங் முதலில் எடுத்தது 1. அந்த மூன்றையும் பிடித்தவர்கள் பிரின்ஸ்டனில் ஃபாரெஸ்டும் தெற்குக் கலிபோர்னியாவில் தாம்ப்சனும். 1998-ல் பிளாட்டினம், அடுத்த வருடம் இரிடியம். கனமான அணு பக்கத்தில் இருந்தால் அந்த மூன்றும் ஒளிர ஆரம்பிக்கும். சிவப்பு, பச்சைக்கு அது போனுக்குள் வந்துவிட்டது, நீலம் மட்டும் ஆயுள் இல்லாமல் நொண்டிக்கொண்டே இருந்தது. ஜப்பானில் கியூஷூவில் அடாச்சி 2012-ல் கன உலோகமே இல்லாமல் ஒரு வழி காட்டினார். என் தீசிஸ் அந்தப் பக்கம்தான், அதைப் பற்றிக் கேட்காதீர்கள், நாலாவது வருடம் ஓடுகிறது.

கருவிழி77
நான் ஒரு பச்சைக் கோட்டுக்குக் கேட்டேன், இங்கே ஒரு பல்கலைக்கழகமே நடக்கிறது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். அவளுடைய கேள்வி: "அப்போ ஏன் டாங்குக்கு நோபல் இல்லை?"

வாதம்_செய்வோம்
நான் எதிர்பார்த்த கேள்வி. பாப்பா, நோபல் கமிட்டிக்கு மூன்று பேர் வரம்பு உண்டு. போப், டாங், வான் ஸ்லைக், கேம்பிரிட்ஜில் 1990-ல் பாலிமரில் ஒளி காட்டிய ஃப்ரெண்ட் குழு, தாம்ப்சன், ஃபாரெஸ்ட், அடாச்சி. எந்த மூன்று? யாரை எடுத்தாலும் சண்டை வரும்.

ஆக்சீன்_தாத்தா
அவருக்கு வராதது ஒன்றும் இல்லை. 2011-ல் வேதியியலுக்கான உல்ஃப் பரிசு, 2019-ல் கியோட்டோ பரிசு. 2018-ல் வான் ஸ்லைக்கோடு சேர்த்து அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் கௌரவக் கூடத்தில் பெயர். எனக்குப் பிடித்தது வான் ஸ்லைக்கும் கூட இருப்பது. அவர் முனைவர் பட்டம் வாங்காமல் கோடாக்கில் சேர்ந்த வேதியியல்காரர். பொருளைச் செய்து, சுத்தம் செய்து, ஆவியாக்கிப் பார்த்த கை. அந்தக் கை இல்லாமல் டாங்கின் இரண்டு அடுக்கு நோட்டுப் புத்தகத்திலேயே இருந்திருக்கும் என்பது என் துணிபு.

டாங் 31 வருடம் கோடாக்கில் இருந்துவிட்டு 2006-ல் அதே ஊரில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அப்புறம் பிறந்த ஊர்ப் பக்கம், ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கம்பெனியில் வேலை முடித்தபின் ஆசிரியர் வேலை. நான் நேர்மாறாக ஆசிரியர் வேலை முடித்தபின் இந்த மாதிரி இழைகளில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மட்டுறுத்துநர்
வாதம்_செய்வோம் அவர்களே, அழிக்கப்பட்ட உங்கள் பின்னூட்டம் தனிநபர் தாக்குதல். நோபல் கமிட்டியைத் திட்டலாம், சக உறுப்பினரை வேண்டாம்.

வாதம்_செய்வோம்
மன்னிக்கவும். தாத்தா ஐயா, நீங்கள் நேர்மாறாக என்றதும் ஏதோ சொல்லிவிட்டேன்.

ஆக்சீன்_தாத்தா
நான் படிப்பதற்குள் அழித்துவிட்டார்கள். என்ன சொன்னீர்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

டிஸ்ப்ளே_பழுது
ஒரு சந்தேகம். பேனலில் ஓரம் விரிசல் விட்டால் உள்ளே மை கொட்டின மாதிரி கருப்பு பரவிக்கொண்டே போகும், வாடிக்கையாளர் "நேத்து சின்னதா இருந்தது" என்பார். அது அந்தப் பொருள் செத்துப் போவதா?

இரவுப்பணி_வாசகி
எங்கள் சாதனத்தில் வரும் கரும்புள்ளி பற்றிச் சொல்கிறேன், போன் பேனலை நான் பிரித்ததில்லை. பெரும்பாலும் பொருள் சாகாது அண்ணா. காற்றும் ஈரமும் உள்ளே போய் மேலே இருக்கும் உலோகத்தைத்தான் முதலில் பிடிக்கும். உலோகம் ஆக்சைடாகி, படலத்தை விட்டுத் தூக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் எலக்ட்ரான் உள்ளே போக வழியில்லை, அதனால் இருட்டு. ஆனால் புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்தக் கருப்புப் புள்ளியும் பச்சையாக ஒளிரும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. எங்களிடம் நைட்ரஜன் பெட்டிக்குள் வைத்து மூடி ஒட்டுவோம், உள்ளே ஈரம் உறிஞ்சும் தாளும் வைப்போம், அப்படியும் அடைமழை மாதத்தில் செய்த சாதனம் எப்போதும் சீக்கிரம் புள்ளி விழும்.

டிஸ்ப்ளே_பழுது
புற ஊதா விளக்கு என்றால் கண்ணாடி ஒட்டும் பசை காய வைக்க நாங்கள் வைத்திருப்போமே, அதே ஊதா லைட்டா?

ஆக்சீன்_தாத்தா
அதேதான் தம்பி. கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கும் போதும். கண்ணில் நேராகப் படவிடாதீர்கள்.

டிஸ்ப்ளே_பழுது
கடை மூடியபின் ஒன்று செய்து பார்த்தேன். ஓரம் விரிசல் விட்டு, பாதி மை பரவி, தூக்கிப் போட வைத்திருந்த பழைய பேனல் ஒன்று. சூடு காட்டி மேலே இருக்கும் போலரைசர் (ஒளியை வடிகட்டும் மெல்லிய தாள்) உரித்துவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு, லைட்டை அணைத்து, ஊதா விளக்கை அடித்தேன். பேட்டரி, போர்டு, ஒன்றும் இணைக்கவில்லை. லேசாகத்தான், ஆனால் தெரிந்தது. கருப்பு பரவிய பக்கத்திலும் கொஞ்ச இடத்தில் தெரிந்தது, கொஞ்ச இடத்தில் இல்லை. போட்டோ எடுத்தால் சரியாக விழவில்லை.

கருவிழி அண்ணே, உங்கள் பழைய திரையைக் கழற்றியதும் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்கி வந்து பாப்பாவிடம் கொடுங்கள். உடைந்த கண்ணாடி கையில் குத்தும், டேப் ஒட்டிக் கொடுங்கள்.

கருவிழி77
வாங்கிவிட்டேன். கள்ள நோட்டு விளக்குக்கு எதிர்வீட்டு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டார், ஏழு வருடம் முன்பு வாங்கின ஐந்நூறு ரூபாய் பற்றிப் பேசப் போகிறேனோ என்று பயந்துவிட்டார் போல.